சவரிமுத்து அண்ணாச்சி கவனக்குறைவானவர் அல்லர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ராஜபாளையத்தில் நான் ஸ்பின்னிங் மாஸ்டராக வேலை பார்க்கும் நூற்பாலையின் வாசல் அறைக்கு ஒரு தொலைபேசி வந்தது. எடுத்துப் பேசிய வாட்ச்மேன் நேரே என் அறைக்கு வந்தான். "சார், நம்ம டைம்கீப்பர் அண்ணாச்சி போயிட்டாவளாம். காலையில பல்லு தேச்சுக்கிட்டு இருந்தவிய, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாவளாம். அம்புட்டுத்தானாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து அவிய மச்சினன் பேசுதாரு" என்றான். நான் எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. அவன் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுசன் சார். அந்தத் துப்பாக்கி விசயத்துலதான் கவனக்குறைவா இருந்துட்டாரு. இல்லேன்னா இந்த மில்லு வாசல்ல உக்காரவேண்டிய ஆளா அவரு?" என்றான்.

"வாயை மூடுலே!" என்று கத்திவிட்டேன். மனிதர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தச் சொல். ஆனால் அவனிடம் கத்தி என்ன பயன்? ஊரே பதினோரு ஆண்டுகளாகச் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். அந்தச் சொல்லை அவர் பெயரோடு ஒட்டவைத்தவன் நான்தான். அது எப்படி நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். அவரைத் தெரிந்தவர்களும் படியுங்கள், தெரியாதவர்களும் படியுங்கள். தெரிந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவனித்துப் படியுங்கள்.

சவரிமுத்து அண்ணாச்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் துப்பாக்கிக் கடை இருந்தது. உரிமம் வைத்திருப்பவர்களுக்குத் தோட்டா விற்பது, துப்பாக்கி பழுது பார்ப்பது, இரண்டுக்கும் அரசாங்க அனுமதி பெற்ற கடை. தேரடிக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள், பாத்திரக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே அடக்கமாக இருக்கும். ஒல்லியான, உயரமான உருவம். வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் விரல் நீளத்தில் ஒரு ஸ்குரூ டிரைவர். கோயிலுக்குப் போகும்போதும் அது சட்டைப்பையில்தான் இருக்கும் என்று அவருடைய மனைவி மரியபுஷ்பம் மதினி கேலி செய்வார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது எண்பத்திரண்டிலோ எண்பத்து மூன்றிலோ, என் அப்பாவோடு போனபோது. தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. அப்பாவிடம் ஒரு வெளிநாட்டுப் பிஸ்டல் இருந்தது. மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அப்பாவுக்கு முறைப்படி எழுதிக் கொடுத்தது. அப்பா அதைச் சுட்டு நான் பார்த்தது மூன்று தடவைதான். ஆனால் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குக் கட்டாயம் மரியாதை உண்டு. மண்வெட்டி, அரிவாள், மோட்டார் பம்ப், பிஸ்டல் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைப்பார்.

அண்ணாச்சி அதைக் கையில் வாங்கினார். குழலின் வாயைப் பார்த்தார். ஒரு குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் திருப்பினார். மஞ்சளாகத் தூள் கொட்டியது.

"ஐயா, பொட்டு வைக்கணும்னா வெளியில வைங்க. வாய்க்குள்ள எதுக்குச் சந்தனத்தை அப்புதீய? காஞ்சு அடைச்சுக்கிட்டா சுடுதவருக்கே கண்ணு போயிரும்லா."

"மூஞ்சியில வைக்காம முதுகுலயா பொட்டு வைப்பாக?" என்றார் அப்பா.

"அப்ப இனிமே சந்தனம் வச்சா சுடாதீய. சுடணும்னா சந்தனம் வைக்காதீய. ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க."

அப்பாவிடம் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அவர் இருமினால் மாடுகூட நின்று பார்க்கும். அவர் என் பக்கம் திரும்பி, "நெஜமே" என்று எங்கள் வீட்டுத் தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், உண்மைதான் என்று. வெளியே வந்ததும், "இவன் ஒருத்தன்தான்டா பயப்படாம உள்ளதைச் சொல்லுதான்" என்றார். அதற்குப் பிறகு அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் கோயிலுக்குப் போகிறாரோ இல்லையோ அந்தக் கடைக்குப் போகாமல் திரும்பமாட்டார்.

அவருடைய வேலை முறையைப் பற்றிச் சொல்லவேண்டும். பழுது பார்த்த எந்தத் துப்பாக்கியையும் முதல் தடவை அவர் கையில் பிடித்துச் சுடமாட்டார். கடையின் பின்கட்டில், சுற்றிலும் மண்மூட்டை அடுக்கிய இடத்தில் ஒரு கனத்த மரப்பலகை இருந்தது. அதில் துப்பாக்கியை இறுக்கிக் கட்டுவார். விசையில் சணல் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்று இழுப்பார். ஒரு சின்ன ஸ்பிரிங் மாற்றியிருந்தாலும் சரி, கயிறு உண்டு. அவசரம் என்று யார் கால் மாற்றி நின்றாலும் கயிறு உண்டு. ஒருமுறை நான் இருக்கும்போதே ஒரு போலீஸ் அதிகாரி, "என்ன அண்ணாச்சி, மாட்டைக் கட்டுத மாதிரி கட்டுதீய!" என்று சிரித்தார். "மாடு முட்டினா எந்திரிச்சிரலாம் சார்" என்று சொல்லிவிட்டு இவர் பாட்டுக்கு முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது சட்டம். சிலர் காவல் நிலையத்தில் கொடுப்பார்கள், சிலர் கடையில் கொடுப்பார்கள். அண்ணாச்சி கடையில் கொடுத்தால், தேர்தல் முடிந்து திரும்பி வரும்போது துப்பாக்கி எண்ணெய் போட்டுத் துடைத்து வரும். கேட்காமலே செய்வார். வத்திராயிருப்புப் பக்கத்துப் பெரிய விவசாயி ஒருவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி திரும்பியபோது அதில் ஒரு சீட்டுத் தொங்கியதாம்: 'இதைச் சுட்டால் உங்கள் கன்னம் போகும். வந்து பார்க்கவும்.' அந்த மனிதர் அதை ஊரெல்லாம் காட்டிக் கோபப்பட்டார். பிறகு வந்து பார்த்தார். அதற்குப் பிறகு சவரிமுத்து தொடாத துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்றார். கவனத்துக்கு அந்தப் பகுதியில் அப்படி ஒரு பெயர் அண்ணாச்சிக்கு.

எண்பத்தைந்தில் அப்பா காலமானார். பிஸ்டல் என் பெயருக்கு மாறியது. அதோடு அப்பா வைத்திருந்த தோட்டாக்கள் ஏழோ எட்டோ வந்தன. அடுத்த மாங்காய்ப் பருவத்தில் ஒரு நாள் விடிகாலை தோப்புக்குள் பன்றிக்கூட்டம் இறங்கியது. சத்தம் போட்டு விரட்டலாம் என்று வானத்தைப் பார்த்துச் சுட்டேன். 'டிக்' என்றது. அடுத்ததும் 'டிக்'. தோட்டா எல்லாம் செத்துப்போயிருந்தது. எங்கள் தோப்புக் காவல்காரர் தகர டின்னைத் தட்டினார், பன்றிகள் ஓடிவிட்டன. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், டின் போதும் என்று. புரியவில்லை. அப்பாவின் பிஸ்டல் என் கையில் ஊமையாகிவிட்டதே என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

அண்ணாச்சியிடம் போனேன். அவர் அந்தத் தோட்டாவை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இந்த அளவு இப்ப வரத்தே இல்ல தம்பி. மதுரையில இல்ல, மெட்ராஸ்ல இல்ல. இப்ப எல்லாம் முப்பத்திரண்டு அளவுத் தோட்டாதான் கிடைக்கும்."

"அப்ப குழலை மாத்தி முப்பத்திரண்டு ஆக்கிருங்க அண்ணாச்சி."

"மாத்தக்கூடாது."

"மாத்த முடியாதா, மாத்தக்கூடாதா?"

"ரெண்டும்தான். லைசென்ஸுல ஒரு அளவு எழுதியிருக்கு. அதை மாத்துறது குத்தம். அது போகட்டும். இந்த இரும்பு ஒரு அளவுக்குன்னு வார்த்தது. அதுல வேற ஒண்ணைத் திணிச்சா இன்னைக்குத் தாங்கும், நாளைக்குத் தாங்கும், என்னைக்குத் தாங்காதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. துப்பாக்கி வேணும்னா வேற வாங்குங்க."

வேறு வாங்குவதில் ஒரு சிக்கல். என் உரிமத்தில் ஒரே ஒரு ஆயுதத்துக்குத்தான் இடம். புதிது வேண்டுமென்றால் அப்பாவுடையதை விற்க வேண்டும். இல்லாவிட்டால், இனி ஒருபோதும் சுடாதபடி அதை அடைத்து, அதற்கு முறைப்படி எழுத்து வாங்கவேண்டும். அண்ணாச்சி அதற்கும் வழி சொன்னார். "நானே அடைச்சு, நானே அலைஞ்சு எழுத்து வாங்கித் தாரேன். நீங்க வருசா வருசம் பூசையில வச்சுக்கிடுங்க. அப்ப வாய்க்குள்ள எம்புட்டுச் சந்தனம் வேணும்னாலும் அப்புங்க, நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்! இன்றைக்கு எழுதும்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் பிஸ்டலைப் பொம்மையாக்கச் சொல்கிறாரே என்று. என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "புதுசு வித்தாத்தானே உங்களுக்கு ஆதாயம்" என்றேன்.

அவர் தோட்டாவைத் துணியில் துடைத்து என் கையில் வைத்தார். "போயிட்டு வாங்க தம்பி. மெதுவா யோசிங்க" என்றார்.

நான் யோசிக்கவில்லை. எங்கள் மில்லில் இருந்த ஒரு பிட்டர், தனக்குத் தெரிந்த லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் வெளியூரில் இருப்பதாகவும், எந்த இரும்பையும் அவர் வசத்துக்குக் கொண்டுவந்துவிடுவார் என்றும் சொன்னார். கொடுத்தனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, குழல் மாறி வந்தது. பளபளவென்று இருந்தது. சுட்டுப் பார்த்தாயா என்று நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. நானும் சுடவில்லை. எப்படிச் சுட? முப்பத்திரண்டு தோட்டா வாங்க உரிமத்தில் முப்பத்திரண்டு என்று இருக்கவேண்டும். அப்படி மாற்றி எழுத, ஆயுதம் பாதுகாப்பானது என்று அனுமதி பெற்ற கடைக்காரர் ஒருவர் கடிதம் தரவேண்டும். ஆக, யாரை மீறிச் செய்தேனோ அவரிடமே போய் நிற்க வேண்டியதாயிற்று. என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

எண்பத்தேழு, தை மாதம். என் தங்கையின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பத்திரிகை வைக்கிற சாக்கில் கடைக்குப் போனேன். பத்திரிகையோடு பிஸ்டலையும் எடுத்து வைத்தேன். அண்ணாச்சி பத்திரிகையைத் தொடவில்லை. பிஸ்டலையே பார்த்தார்.

"யாரு கை வச்சது?"

சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். "அறிவு இருக்கா தம்பி? படிச்ச ஆளுதான நீங்க? இது வெளிய தெரிஞ்சா உங்களைப் பிடிச்சு உள்ள போட்ருவாங்க. பத்து நாள்ல தங்கச்சி கல்யாணத்தை வச்சுக்கிட்டு செய்யுத காரியமா இது?" என்று கத்தினார். பக்கத்துத் தையல் கடையில் மிஷின் சத்தம் நின்றது. நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். கத்தி முடித்தவர், மதினியைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். அவர் அப்படித்தான். பிறகு, "செஞ்சது செஞ்சாச்சு. விட்டுட்டுப் போங்க. ஒரு வாரம் வச்சுப் பாக்கேன். சரியா இருந்தா மேல எழுதிக் கேப்போம். சரியில்லேன்னா நானே ஒப்படைச்சிருதேன், உங்க மேல தப்பு வராம" என்றார்.

அந்த ஒரு வாரத்தை நான் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. உரிமம் பார்க்கும் அலுவலர் மறுநாள் முதல் நீண்ட விடுப்பில் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் எங்களுக்குப் பழக்கம். அவர் கையாலே முடிந்துவிட்டால் கேள்வி வராது. "இன்னைக்கே கடுதாசி வேணும் அண்ணாச்சி" என்று பிடிவாதம் பிடித்தேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவர் பெருமூச்சு விட்டார். பிஸ்டலைப் பிரித்துப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பின்கட்டுக்குப் போனோம். அவர் பலகையில் அதை இறுக்கி, விசையில் கயிற்றைக் கட்டினார். முதல் குண்டுக்குக் கயிறு, பிறகு கொஞ்சம் ஆறவிட்டுப் பிரித்துப் பார்ப்பது, மறுபடி கயிறு, மறுபடி பிரிப்பது, இப்படி ஐந்து முறை செய்யாமல் கடிதம் கிடையாது என்றார். மூன்று மணி நேரம் ஆகும். அலுவலகம் மூடிவிடும்.

அப்போதுதான் சொன்னேன். "அங்கேயே ஆறு தடவ சுட்டுப் பாத்துட்டுத்தான் அண்ணாச்சி குடுத்தாங்க."

கயிறு அவர் கையில் நின்றது. "உங்க கண்ணு முன்னாலயா?"

"ஆமா. நான் பக்கத்துல நின்னேன்."

"தம்பி, இது வெளையாட்டு இல்ல."

"எங்க அப்பா மேல சத்தியமா அண்ணாச்சி."

அவர் என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார். "ஐயா பேரைச் சொல்லிட்டீய. பொறவு எனக்கு இது எதுக்கு?" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். பிஸ்டலைப் பலகையிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தார். என்னைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். தான் மட்டும் நின்றார்.

வெடித்தது. குண்டு வெளியே போகவில்லை, குழல்தான் பிளந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டு மண்மூட்டைமேல் சாய்ந்திருந்தார். சட்டை முழுக்க ரத்தம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. மதினி அலறிக்கொண்டு வந்தார்கள். அந்த நிலையிலும் அவர் சொன்னது எனக்கு மறக்காது. "ஏட்டி, தம்பிக்கு ஒண்ணும் ஆகலையே பாரு."

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. நான் வராண்டாவில் நின்றிருந்தேன். உள்ளே அவர் வாக்குமூலம் கொடுத்தார். குழலை மாற்றியது தான்தான் என்றார். உரிமக்காரர் பழுது பார்க்கத்தான் கொடுத்தார், மாற்றியது அவருக்குத் தெரியாது என்றார். கயிறு கட்டவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். "கட்டல. என் கவனக்குறைவு" என்றாராம். அந்தச் சொல் முதன்முதலாக வந்தது அவருடைய வாயிலிருந்தேதான். எனக்காக வந்தது.

அவர்கள் போனபின் உள்ளே போனேன். "அண்ணாச்சி, நான் போய் உண்மையைச் சொல்லிருதேன்" என்றேன். "மொதல்ல கல்யாணத்தை முடிங்க. பொறவு பாத்துக்கிடலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கல்யாணம் முடிந்தது. பொறவு, பொறவு என்று நாள் போயிற்று. கடையின் அனுமதியை ரத்து செய்தார்கள். வழக்கு நடந்து, அபராதத்தோடு அவரை விட்டார்கள். சந்துக்குள் அந்தக் கடையில் வேறு யாரோ ஊறுகாய் வியாபாரம் தொடங்கினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய உபகாரி மாதிரி, எங்கள் முதலாளியிடம் பேசி, மில் வாசலில் அவருக்கு டைம்கீப்பர் வேலை வாங்கிக் கொடுத்தேன். ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். கை போன மனிதருக்கு வாழ்வு கொடுத்த புண்ணியவான் என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறேன்.

அவர் மூன்று மாதத்தில் இடது கையால் எழுதப் பழகினார். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். வேலைக்கு வரும் பெண்களை வாசலிலேயே நிறுத்தி, "தாயி, முந்தானையைச் சொருகிட்டுப் போ. மிஷினுக்கு உன் சேலையும் தெரியாது, உன்னையும் தெரியாது" என்பார். பின்னல் தொங்கினால் விடமாட்டார், அள்ளி முடியச் சொல்வார். அவர் வாசலில் இருந்த ஆண்டுகளில் எங்கள் மில்லில் சேலை சிக்கி ஒரு விபத்துக்கூட இல்லை. இதை ஸ்பின்னிங் மாஸ்டராக நான் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? 'கயிறு கட்டாத சவரிமுத்து' என்று ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. எவனாவது அவசரப்பட்டு ஒன்றைச் செய்தால், "சவரிமுத்து வேலை பாக்காதலே" என்பார்கள். கவனத்துக்குப் பெயர் எடுத்த மனிதரின் பெயர், கவனமின்மைக்குப் பெயராகிப்போனது.

தொண்ணூற்று மூன்றில் புதிதாக வந்த ஒரு சூப்பர்வைசரை, லூசான செருப்போடு மிஷின் பக்கம் போகவேண்டாம் என்று அண்ணாச்சி தடுத்தார். அந்த ஆள் எல்லார் முன்னாலும், "கயிறு கட்டத் தெரியாதவரு நமக்குப் பாடம் சொல்லுதாரு" என்றார். ஷிப்டு மாறும் நேரம். நாற்பது ஐம்பது பேர் சிரித்தார்கள். நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். அண்ணாச்சி ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். மறுபடி நிமிர்ந்தபோது அவர் அடுத்த ஆளின் டோக்கன் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் வாய் திறந்திருக்க வேண்டும். ஒரு வரி போதும். "நான்தான் பொய் சொன்னேன்" என்ற ஒரு வரி. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் மில்லில் இரைந்து கத்தியிருக்கிறேன், அந்த வரி மட்டும் வரவில்லை.

ஒரு தடவை முயன்றேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், திருவண்ணாமலை என்கிற குன்றின்மேல் இருக்கும் பெருமாளைக் கும்பிட ஒரு சனிக்கிழமை நான் பஸ்ஸில் போனபோது, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற அண்ணாச்சியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனபின், "அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவர் கையிலிருந்த டிபன் டப்பாவை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "சொல்லுங்க தம்பி" என்றார். காத்திருந்தார். ஊர் எல்லைவரை காத்திருந்தார். நான், "இந்த வருசம் மாங்கா விலை எப்படி இருக்கும்னு நெனைக்கீய?" என்று கேட்டேன்.

"மாங்கா வெலைய எங்கிட்டயா கேக்கணும்?" என்று மெதுவாகச் சிரித்தார். இறங்கும்போது என் தோளில் இடது கையை வைத்து, "வாரேன் தம்பி. ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க" என்றார். நான் போகவில்லை. அவர் வீட்டுக்குப் போகும் துணிவு எனக்கு அவர் செத்த அன்றுதான் வந்தது. இதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு என்ன இருக்கிறது?

அடக்கம் அன்று மாலையே முடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் மில் ஆட்கள் நிறையப் பேர். பெண்கள் அழுதார்கள். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போதும் இரண்டு பேர் எனக்கு முன்னால் நடந்துகொண்டே அந்தத் துப்பாக்கிக் கதையைப் பேசினார்கள், அதே கவனக்குறைவு என்ற சொல்லோடு.

நான்காம் நாள் மதினியைப் பார்க்கத் தனியாகப் போனேன். காப்பி கொண்டுவரப் போனவர்களை நிறுத்தி, நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். அந்தப் பிஸ்டலை யாரும் சுட்டுப் பார்க்கவே இல்லை என்பதை. ஆறு தடவை என்றது பொய் என்பதை. செத்துப்போன என் அப்பா மேல் பொய்ச்சத்தியம் செய்து அண்ணாச்சியின் கையிலிருந்து கயிற்றை வாங்கிவிட்டேன் என்பதை. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவர்கள் அழவில்லை. என்னைத் திட்டுவார்கள், வெளியே போ என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் போயிருந்தேன்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றார்கள். "ஆஸ்பத்திரியில வச்சே அவிய எங்கிட்டச் சொல்லிட்டாவ. ஒரு தடவைகூடச் சுடாத குழல்னு, வெடிச்ச துண்டைப் பாத்ததுமே அவியளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் ஊரைக் கூட்டிச் சொல்லுதேன்னு நின்னேன். விடமாட்டேன்னுட்டாவ. அது அந்தத் தம்பி சொல்லவேண்டியது, நாம சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும், அது வாயாலயே ஒரு நாள் சொல்லும்னுட்டாவ."

நான் அவர்கள் காலில் விழப்போனேன். தள்ளி நின்றுகொண்டார்கள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய தம்பி? எனக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது."

ஆகவே ஊராரே, கேளுங்கள். சவரிமுத்து அண்ணாச்சி தம் வாழ்நாளில் ஒரே ஒரு நாள் கயிறு கட்டாமல் சுட்டார். கட்டியவரை அவிழ்க்கவைத்தது என் பொய். குழலை மாற்றச் சொன்னவன் நான். வேண்டாம், வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னவர் அவர். போலீஸிடம் அவர் சொன்னதில், என்னைக் காப்பாற்றச் சொன்ன பகுதி எதுவும் உண்மை இல்லை. இதை இப்போது எழுதியதற்குச் சட்டம் என்ன செய்யுமோ செய்யட்டும். கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைக் காவல் நிலையத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். இனி யாராவது என் எதிரே அந்தப் பட்டப்பெயரைச் சொல்வதாக இருந்தால், என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன அந்த 'ஒரு நாள்' வர இத்தனை காலம் ஆகிவிட்டது. ஊருக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்பதற்கு இல்லை. போய் வாருங்கள்.